படுக்கை அருகே ஒரு காற்றுப் பெட்டி

லீ பஜாரில் கடைசி லாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய், வெள்ளிப் பட்டறைகளின் தட்டல் ஓசையும் ஓய்ந்த பிறகுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை கண்ணயரும். சந்துகள் குறுகல், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அடுத்த வீட்டுக் குறட்டை நம் வீட்டில் கேட்கும். நம் வீட்டுக் குறட்டை அவர்களுக்கும் கேட்கும். “மனுஷர் என்னமாய்த் தூங்குகிறார், கொடுத்துவைத்தவர்!” என்று காலையில் வாசல் தெளிக்கும்போது சிரித்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் சகோதரிகளே, குறட்டையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குறட்டை திடீரென்று நின்றுபோகும் சில விநாடிகள்தான் அது. ரம்பம் அறுப்பதுபோல் வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று அற்றுப் போகிறது. மார்பு எழும்புகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி... பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தன் மூச்சே நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. பிறகு ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடியும் ரம்பம். தூங்குகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. காலையில் சொன்னால், “நானா? குறட்டையா?” என்று சண்டைக்கு வருவார். இந்த வியாதிக்கு முதல் சாட்சி டாக்டர் அல்ல, மனைவிதான்.

‘ஸ்லீப் ஆப்னியா’ என்று இதற்குப் பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. அரை விழிப்பில் வழி திறக்கிறது. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி மூச்சு நின்றாலோ குறைந்தாலோ அது நோயின் ஆரம்பம்; 15-க்கு மேல் நடுத்தரம்; 30-க்கு மேல் கடுமை. ராத்திரி முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை தட்டி எழுப்பப்பட்ட மனிதர், மறுநாள் மண்டிக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவதில் என்ன ஆச்சரியம்? கல்லாவோடு போனால் பரவாயில்லை. பக்கத்து நாமக்கல்லோ லாரித் தொழிலின் ஊர். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு விநாடி கண் செருகினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, இருதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் இவற்றுக்கும் இது துணைபோகிறது.

நம் தேசத்தில் வேலை பார்க்கும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2023-ல் கணக்குச் சொன்னார்கள். ஹிந்திப் பட உலகின் சங்கீத டைரக்டர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில், 69-வது வயதில் காலமானபோது, சிகிச்சை செய்த டாக்டர் மரணத்துக்குச் சொன்ன காரணங்களில் இந்தத் தூக்க மூச்சடைப்பும் ஒன்று. அப்போதுதான் பல வீடுகளில் இந்தப் பெயரே முதல் முறையாக அடிபட்டது.

இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் மருந்தல்ல, காற்று. முன்னெல்லாம் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதைத் தவிர உருப்படியான வழி கிடையாது. 1980-ல் ஆஸ்திரேலியாவில், ஸிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் காலின் ஸல்லிவன், கழுத்தில் துளை போட மறுத்த ஒரு நோயாளிக்கு வேறொரு யோசனை செய்தார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி செய்து, மூக்கு வழியே மிதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். காற்றே முட்டுக்கட்டைபோல நின்று தொண்டை மூடாமல் தாங்கிக்கொண்டது. மனிதர் ராத்திரி முழுவதும் நிம்மதியாகத் தூங்கினார்! 1981-ல் ‘லான்ஸெட்’ வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது. அதுதான் இன்று ‘சிபாப்’ என்று வழங்கும் யந்திரத்தின் பிறப்பு.

அந்த நாளில் ஸல்லிவனுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது மோட்டார் அல்ல, மாஸ்க். ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்து, தினம் ராத்திரி பசை தடவி ஒட்டவேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நிலைமை அடிப்படையில் அதேதான். சில பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் ஆறே மாதத்தில் பரணுக்குப் போகிறது என்றால், பெரும்பாலும் குற்றவாளி மாஸ்க்தான். ஆகவே கடைக்காரர் யந்திரத்தின் பெருமையை அரை மணி நேரம் பேசினால், நீங்கள் மாஸ்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள்.

கடைக்குப் போகுமுன் பரிசோதனை அவசியம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, உங்களுக்குப் பழக்கமான நெஞ்சக நோய் அல்லது காது-மூக்கு-தொண்டை டாக்டரோ, யாரிடமாவது முதலில் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து, இத்தனை அழுத்தம் தேவை என்று அவர் எழுதித் தரவேண்டும். அழுத்தத்தைத் தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கில் சொல்வார்கள். வீட்டு யந்திரங்களில் சாதாரணமாக 4 முதல் 20 வரை இருக்கும். ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு 10 வைத்தார்கள், நமக்கும் 10 வைத்துக்கொள்வோம்’ என்பது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி.

இனி மாஸ்குக்கு வருவோம். மூன்று ஜாதி உண்டு. மூக்குத் துளைகளில் மட்டும் பதிந்து நிற்பது ஒன்று. மூக்கை மூடுவது இன்னொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவருக்கு மூக்கு மாஸ்கை மாட்டினால் காற்று வாய் வழியே ஓடிப்போகும். காலையில் நாக்கு தோலாக வறண்டிருக்கும். நல்ல மீசை வைத்திருப்பவருக்கு மூக்கைச் சுற்றி மூடுவது சரியாகப் பதியாது. துளையில் பொருந்துவது உத்தமம். மீசையை எடுக்கச் சொல்வதைவிட மாஸ்கை மாற்றுவது குடும்ப அமைதிக்கு நல்லது!

நம் பெண்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் மூக்குத்தி. மூக்கு மாஸ்கின் சிலிகான் விளிம்பு அதன்மேல் அழுந்தினால் காற்றும் கசியும், மூக்கும் புண்ணாகும். ராத்திரிக்குக் கழற்றி வைக்க மனமில்லாவிட்டால், மூக்குத்தியை விளிம்பு தொடாத அளவில் மாஸ்கைத் தேர்ந்தெடுங்கள். கொண்டையோடு படுக்கிறவர்கள் கொண்டையோடேயே தலைப்பட்டையை மாட்டிப் பாருங்கள். இன்னொன்று: உட்கார்ந்துகொண்டு மாஸ்கைப் பார்ப்பது வீண். படுத்து, யந்திரத்தை ஓடவிட்டு, இரு பக்கமும் புரண்டு பார்க்கவேண்டும். கசிந்தால் பட்டையை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். இறுக்கியும் கசிகிறது என்றால் அளவு தப்பு என்று அர்த்தம்.

சில மாஸ்குகளில் பட்டையை மாட்டக் காந்தக் கொக்கிகள் உண்டு. மாட்டுவது சுலபம், பார்க்கவும் நேர்த்தி. ஆனால் இருதயத்துக்கு ‘பேஸ்மேக்கர்’ வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் காந்தம் ஆகாது. போட்டுக்கொள்கிறவருக்கு மட்டுமல்ல, அருகில் படுப்பவருக்கும்தான். இதைப் பற்றி 2022-ல் பிலிப்ஸ் கம்பெனியும், 2023-ல் ரெஸ்மெட் கம்பெனியும் எச்சரிக்கை விடுத்தன. பாட்டி பேரன் மாஸ்கை மடியில் வைத்துத் துடைக்கிற வீடுகளில் இது ஞாபகம் இருக்கட்டும்.

யந்திரத்தில் ஒரே அழுத்தத்தில் ஊதுவது உண்டு. மூச்சுக்குத் தக்கபடி தானே கூட்டிக் குறைத்துக்கொள்வது உண்டு. உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிட வேறோர் அழுத்தம் என்பதும் உண்டு. இந்தக் கடைசி வகை எல்லோருக்கும் வேண்டியதில்லை. எது என்று டாக்டர் சொல்லட்டும். நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இந்த மாஸ்குக்கு மாற்று விளிம்பு தனியாகக் கிடைக்குமா? பில்டர் கைவசம் உண்டா? பழுதானால் சேலத்திலேயே பார்ப்பார்களா, கோயமுத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டுமா? அனுப்பினால் அதுவரை மாற்று யந்திரம் தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கரண்டு போனால் மூச்சு முட்டிவிடாதா என்று பல பேருக்குப் பயம். மாஸ்கில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன. வாயையும் மூடும் மாஸ்கில் தனி வால்வே திறந்துகொள்ளும். ஆனால் வைத்தியம் அந்த நிமிஷமே நின்றுவிட்டது என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பு இருப்பது நல்லது. அதில் ஓட்டும்போது தண்ணீர் சூடாக்கும் பகுதியை நிறுத்திவிட்டால் வெகு நேரம் தாங்கும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. காற்றை ஈரப்படுத்தும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளில் காப்பிப் பாத்திரத்தில் படிவதுபோல் உப்பு படியும். இன்வெர்ட்டருக்கு வாங்கிய பாட்டரித் தண்ணீர் மூச்சு விடுவதற்கானதல்ல, அதை ஊற்றாதீர்கள். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். உப்புப் படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊறவைத்துக் கழுவலாம்.

மாஸ்கின் விளிம்பைத் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவவேண்டும். குழாயை வாரம் ஒரு முறை. டெட்டால், ப்ளீச்சிங் எதுவும் கூடாது. மொட்டை மாடியில் வடகத்தோடு காயப்போடவும் கூடாது. நம் ஊர் வெயில் சிலிகானைக் கெடுத்துவிடும். நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய் ஸ்நான நாளில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாஸ்கை மாட்டினால் விளிம்பு வழுக்கும், சீக்கிரம் தளர்ந்தும் போகும். பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்களும், படுக்கை அறையில் சாம்பிராணி போடுகிறவர்களும் பில்டரை அடிக்கடி பாருங்கள். மற்ற வீடுகளைவிடச் சீக்கிரம் கறுத்துவிடும்.

எதை எப்போது மாற்றுவது? அமெரிக்காவில் மாஸ்க் விளிம்பு மாதம் ஒன்றிரண்டு, மாஸ்கும் குழாயும் 3 மாதத்துக்கு ஒன்று, தலைப்பட்டையும் தண்ணீர்த் தொட்டியும் 6 மாதத்துக்கு ஒன்று, யந்திரம் 5 வருஷத்துக்கு ஒன்று என்று இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது வேறொருவர் பணம் கட்டும் ஊரின் கணக்கு. நம் வீட்டுப் பட்ஜெட்டில் அப்படியே நடத்த முடியாது. தேதியைப் பார்ப்பதைவிடப் பொருளைப் பாருங்கள். விளிம்பு மஞ்சளித்து, தடித்து, பழைய வழவழப்புப் போய்விட்டதா? முன்பு சரியாக இருந்த பட்டையை இப்போது ஒரு பிடி அதிகம் இழுக்கவேண்டியிருக்கிறதா? குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் கீறலோ பூஞ்சணமோ தெரிகிறதா? மாற்றுங்கள். பில்டர் மலிவு; அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தொட்டியில் வெடிப்பு விட்டால் ஒட்டவைத்து ஓட்டாதீர்கள்.

யந்திரமே ஓய்வு கேட்பதற்கும் அடையாளங்கள் உண்டு. சத்தம் கூடும், கருகல் வாடை வரும், சில யந்திரங்களில் மோட்டார் ஆயுள் முடிந்தது என்று திரையிலேயே எழுத்து வரும். எல்லாவற்றையும்விட நிச்சயமான அடையாளம், மாஸ்கோடேயே குறட்டை திரும்பி வருவது. அப்போது யந்திரமும் காரணமாயிருக்கலாம், கசிவும் இருக்கலாம், அல்லது மனிதர் பத்துக் கிலோ ஏறியிருக்கலாம்! எடை ஏறினாலும் இறங்கினாலும் அழுத்தத்தை டாக்டர் மறுபடி பார்க்கவேண்டும்.

2021 ஜூன் மாதத்தில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும். சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரை மெத்தை பொடிந்து காற்றோடு கலக்கலாம் என்று பிலிப்ஸ் கம்பெனி, ‘ட்ரீம் ஸ்டேஷன்’ முதலிய லட்சக்கணக்கான யந்திரங்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. ஓஸோன் வாயுவால் சுத்தம் செய்தது நுரையை இன்னும் சீக்கிரம் அரித்தது என்றும் சொன்னார்கள். அந்த ஓஸோன் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2020-லேயே எச்சரித்திருந்தது. சோப்பும் தண்ணீரும் செய்கிற வேலைக்கு ஒரு பெட்டி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆகவே யாராவது, “மாமா, அவ்வளவாக உபயோகிக்கவே இல்லை, பாதி விலை” என்று பழைய யந்திரத்தை நீட்டினால், முதலில் மாடலையும் வரிசை எண்ணையும் கேளுங்கள். திரும்ப அழைத்த பட்டியலில் இருந்தால் தொடவே வேண்டாம். இல்லாவிட்டாலும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று திரையில் பார்த்து, அழுத்தத்தை உங்கள் டாக்டரைக் கொண்டு மாற்றி, மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் புதிதாக வாங்குங்கள்.

வாங்கி வைத்த யந்திரத்தை முழு ராத்திரியும் போட்டால்தான் பலன். மூன்று மணிக்கு விழித்துக் கழற்றி எறிகிறவர்கள் அநேகர். கனவுகள் மிகுந்த விடியற்காலைத் தூக்கத்தில்தான் மூச்சு அதிகமாக அடைக்கும். கழற்றியது மிகவும் வேண்டிய நேரத்தில். பகலில் பேப்பர் படிக்கும்போது அரை மணி மாட்டிப் பழகச் சொல்லுங்கள்.

இவ்வளவும் புருஷனைப் பற்றியே பேசினோம். எய்ம்ஸ் கணக்கில் பெண்களைவிட ஆண்கள் இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. அதுவும் ரம்பச் சத்தமாகவே வரும் என்றில்லை. தூக்கம் பிடிக்கவில்லை, காலையில் தலைவலி, எந்நேரமும் அசதி, எரிச்சல் என்று வரும். “வயசாச்சு, அப்படித்தான்” என்று வீட்டில் சொல்வார்கள், நீங்களும் சொல்லிக்கொள்வீர்கள். அவர் மூச்சை நீங்கள் எண்ணினீர்கள். உங்கள் மூச்சை எண்ண யார் விழித்திருந்தார்கள்? ஒரு ராத்திரி மகளையோ மருமகளையோ பக்கத்தில் படுத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். தயங்கவேண்டிய விஷயம் இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. கண்புரையோ குடலிறக்கமோ, எந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேட்டி, துண்டு, ப்ளாஸ்க்கோடு காற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம், “இவர் சிபாப் வைத்துத் தூங்குகிறவர்” என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் சொல்ல மறந்துவிடுவார்.