ஒரே படத்தில் நாலு பக்கம்



ஒரு டம்ளரை வரையச் சொன்னால் எப்படி வரைவோம்? பக்கத்தில் இருந்து பார்க்கிற மாதிரி வரைவோம். நேர் மேலே இருந்து பார்த்தால் அது வெறும் வட்டம். இரண்டும் அதே டம்ளர்தானே! அப்ப இரண்டையும் ஒரே படத்தில் வரைந்தால் என்ன? தப்பு என்று ரப்பரை எடுத்து அழித்துவிடுவோம்.

ஆனால் நூறு வருடத்துக்கு முன்பே பாரிஸ் நகரத்தில் சில ஓவியர்கள் வேண்டுமென்றே இப்படி வரைந்தார்கள். பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டினார்கள். இதற்குப் பெயர் கியூபிசம். இதைத் தொடங்கியவர்கள் பாப்லோ பிக்காசோ, ஜார்ஜ் பிராக்.

மெக்சிகோ நாட்டில் 1886-ல் பிறந்தவர் டியேகோ ரிவேரா. உதவித்தொகை கிடைத்து 1907-ல் ஸ்பெயினுக்கு ஓவியம் படிக்கப் போனார். பிறகு பாரிஸில் தங்கினார். 1913-ல் இருந்து கியூபிச முறையில் வரைய ஆரம்பித்தார். 1914-ல் பிக்காசோவையே சந்தித்தார்.

அப்போது மெக்சிகோவில் 1910-ல் தொடங்கிய புரட்சி நடந்துகொண்டிருந்தது. எமிலியானோ சபாட்டா தலைமையில் விவசாயிகள் நிலத்துக்காகப் போராடினார்கள். ரிவேராவோ கடல் தாண்டி இருக்கிறார். 1915-ல் அவர் ஒரு படம் வரைந்தார். அதில் ஒரு ஆளின் முகம் கூட இல்லை. ஒரு துப்பாக்கி, அகலமான தொப்பி, கோடு போட்ட வண்ணப் போர்வை, பின்னால் மெக்சிகோ மலைகள். அவ்வளவுதான். ஆனா பார்த்தவுடனே ஒரு போராளி நிற்பது போல இருக்கும்! வரைந்த முறை பாரிஸில் கற்றது. வரைந்த பொருளெல்லாம் சொந்த ஊருடையது.

இன்னொரு அதிசயம். அந்தப் படத்தின் பின்பக்கத்தில் கிணற்றடியில் நிற்கும் பெண்ணை 1913-லேயே வரைந்திருந்தார். பிறகு அதன் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். 1977-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

சில வருடங்களில் ரிவேரா கியூபிசத்தை விட்டுவிட்டார். இத்தாலிக்குப் போய்ப் பழைய சுவர் ஓவியங்களைப் பார்த்தார். 1921-ல் தாய்நாடு திரும்பி, அரசுக் கட்டடங்களின் சுவர்களில் உழவர்களையும் தொழிலாளிகளையும் பெரிது பெரிதாக வரைந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் அல்லவா! 1957-ல் காலமானார்.

இதை ஏன் எழுதினேன் தெரியுமா? நான் காலண்டர் படத்தைப் பார்த்து அப்படியே வரைவேன். எல்லோரும் "அச்சு அசல் அப்படியே இருக்கு"ன்னு சொல்வாங்க. எனக்கும் பெருமையா இருக்கும். இப்பதான் யோசிக்கிறேன், அதில் என்னுடையது என்ன இருக்கு? ரிவேராவும் பிறரிடம்தான் கற்றார். ஆனால் தன் ஊரை மறக்கவில்லை.

நீங்களும் உங்கள் வீட்டுக் குடத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, ஒரே படமாக வரைந்து கொண்டு வாருங்கள். இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டலாம். இதுவும் சுவர்தானே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி