கோப்பு முழுமையாக வந்ததா?

கணிப்பொறியின் திரையில் ‘பதிவிறக்கம் முடிந்தது’ என்னும் சொற்கள் தோன்றியவுடன் நம்மில் பெரும்பாலோர் மனநிறைவு எய்தி அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகின்றோம். ஆயின், முடிந்தது என்பது வேறு. முழுமையாக வந்தது என்பது வேறு. இடையில் அறுந்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரப்பட்ட கோப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. அத்தகைய கோப்பு குறைவின்றி வந்துள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? மாணவ மாணவியரே, இதுவே இன்று நாம் ஆராயப் போகும் பொருள்.

பொருள் புதியதாயினும், இதன் உள்ளே இருக்கும் சிக்கல் தமிழர்க்குப் புதியதன்று. வைணவ மரபு கூறும் வரலாறு ஒன்றை நீங்கள் கேட்டிருக்கலாம். வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில், நாதமுனிகள் வாழ்ந்து வந்தார். அவ்வூருக்கு வந்த யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமானைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாடினர். அவற்றின் இறுதிப் பாசுரம், இப்பத்தும் ஆயிரம் பாசுரங்களுள் அடங்கியவை என்று குறிப்பிட்டது. ‘அங்ஙனமாயின் எஞ்சியவை எங்கே?’ என்று நாதமுனிகள் வினவினார். பாடியவர்க்கு விடை தெரியவில்லை. அவர் தேடிப் புறப்பட்டார். திருவாய்மொழி முழுவதும் கிடைத்தது என்பது அம்மரபு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. கையிலிருந்த பத்துப் பாடல்களும் பிழையற்றவை, இனியவை. அவற்றை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அவை ஒரு பெருநூலின் பகுதி என்பது புலப்பட்டிராது. மொத்தம் இவ்வளவு என்று மூலநூலே கூறியிருந்ததால்தான் குறை வெளிப்பட்டது. கோப்புக்கும் இதுவே விதி. கோப்பின் முழுமையைக் கோப்பின் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. மூலம் தரும் அடையாளத்தோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

நிற்க. பதிவிறக்கம் எவ்வாறு அறுந்து எவ்வாறு தொடர்கிறது என்பதை முதலில் காண்போம். 100 கோடி பைட்டுகள் கொண்ட ஒரு கோப்பை நீங்கள் இறக்குவதாகக் கொள்ளுங்கள். 40 கோடி பைட்டுகள் வந்த நிலையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் கரையைக் கடந்ததையும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறியதையும் அறிந்தவர்க்கு இத்தகைய தடை வியப்பளிக்காது. அரைகுறையாக வந்த கோப்பை உலாவி ஒரு தற்காலிகப் பெயரில் வைத்திருக்கும். ஃபயர்பாக்ஸ் உலாவியில் அப்பெயர் ‘பார்ட்’ என்றும், குரோம் உலாவியில் ‘சிஆர்டவுன்லோட்’ என்றும் முடியும். அவ்வீறு தெரியும்வரை கோப்பு அரைகுறையே என்று கொள்க.

பைட்டுகளைச் சுழியிலிருந்து எண்ணுவது கணிப்பொறி வழக்கம். ஆகவே வந்து சேர்ந்தவை 0 முதல் 39,99,99,999 வரை எண்ணுடையவை. இணைப்பு மீண்டதும், ‘40,00,00,000ஆம் எண்ணிலிருந்து தருக’ என்று உலாவி தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறியைக் கேட்கிறது. இவ்வாறு பகுதியாகக் கேட்கும் முறை 1997ஆம் ஆண்டில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் விதித்தொகுப்பில் இடம்பெற்றது. வழங்கி இசைந்தால் 206 என்னும் எண்ணோடு விடையளிக்கும். ‘இது பகுதி, இன்ன எண் முதல் இன்ன எண் வரை, மொத்தம் இவ்வளவு’ என்பது அவ்விடையின் பொருள். பத்துப் பாசுரங்கள் தம்மை ஆயிரத்தின் பகுதி என்று கூறியதை இங்கு நினைவுகூர்க. பகுதியாகத் தரும் ஆற்றல் வழங்கிக்கு இல்லையேல், அது 200 என்னும் எண்ணோடு கோப்பை முதலிலிருந்தே அனுப்பும்.

இம்முறையில் பிழை எங்கே நுழையும்? மூன்று வாயில்களைக் குறிப்பிடலாம். முதலாவது, நீங்கள் காத்திருந்த நேரத்தில் மூலக்கோப்பே மாற்றப்பட்டிருக்கலாம். அப்பொழுது முற்பகுதி பழைய பதிப்பாகவும் பிற்பகுதி புதிய பதிப்பாகவும் அமைந்துவிடும். இதைத் தடுக்கவே வழங்கி ஒவ்வொரு பதிப்புக்கும் ‘ஈடேக்’ என்னும் ஓர் அடையாளச் சீட்டை அளிக்கிறது. அச்சீட்டு மாறாதிருந்தால் மட்டுமே எஞ்சிய பகுதியைத் தருமாறு உலாவி கேட்கலாம். ஆயினும் எல்லா வழங்கிகளும் இச்சீட்டை ஒழுங்காக அளிப்பதில்லை. இரண்டாவது, இணைப்பு அறும் தறுவாயில் கடைசிப் பைட்டுகள் வட்டில் சரிவரப் பதியாமல் போகலாம்; தொடர்ச்சி பழுதுபட்ட இடத்தின்மேல் ஒட்டப்படும். மூன்றாவது, பொதுவிடங்களிலுள்ள வைஃபை இணைப்பு, கோப்புக்குப் பதிலாகத் தன் நுழைவுப் பக்கத்தை அனுப்பிவிடலாம். நூலின் பெயரைத் தாங்கிய கோப்பினுள் நூலே இராது.

இணையப் பாதையில் செல்லும் தரவை இக்காலத்து எச்.டி.டி.பி.எஸ். முறை நன்கு காக்கிறது என்பது உண்மை. ஆயின் அது வழிப்பயணத்திற்குக் காவலேயன்றி, வட்டில் இரு துண்டுகளையும் ஒட்டும் வேலைக்குக் காவலன்று.

இனி, சரிபார்க்கும் முறைகளுக்கு வருவோம். எளிய முறை அளவைப் பார்ப்பது. தளத்தில் கோப்பின் அளவு எத்தனை பைட்டு என்று குறித்திருப்பின், உங்களிடமுள்ள கோப்பின் அளவோடு அதனை ஒப்பிடுங்கள். நம் முன்னோரும் இதனைச் செய்தனர். 32 எழுத்துகளை ஒரு கிரந்தம் அல்லது படி எனக் கொண்டு உரைநூல்களை அளந்தனர். திருவாய்மொழி உரைகள் ஆறாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி எனப் பெயர்பெற்றதும் இவ்வளவையாலேயே. நூலின் பெயரே அதன் அளவைக் கூறியது. பிரதியெடுத்தவர் எத்தனை ஓலைகளை விட்டுவிட்டார் என்பதை இவ்வெண்ணைக் கொண்டு மதிப்பிடலாம்.

ஆனால் அளவு ஒத்திருப்பது மட்டும் போதுமா? போதாது. ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து நின்றாலும் அளவு மாறுவதில்லை. ஆகவே உள்ளடக்கத்தையே கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் காண வேண்டும். சிறிய கணக்கு ஒன்றைத் தாளில் எழுதிப் பாருங்கள். நம் கோப்பு 7, 4, 9, 2 என்னும் நான்கு எண்கள் எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 22. முதலிரண்டு எண்களும் இடம் மாறி 4, 7, 9, 2 என வந்தால் என்னாகும்? கூட்டுத்தொகை அதே 22. பிழை மறைந்துகொண்டது! இனி, முதல் எண்ணை 1ஆலும், அடுத்ததை 2ஆலும், பின்னவற்றை முறையே 3ஆலும் 4ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். சரியான வரிசைக்கு 7, 8, 27, 8 சேர்ந்து 50 கிடைக்கும். மாறிய வரிசைக்கு 4, 14, 27, 8 சேர்ந்து 53 கிடைக்கும். பிழை வெளிப்பட்டது. எண்ணோடு இடத்தையும் கணக்கில் சேர்த்ததன் பயன் இது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம், முதல் பதினொன்றையும் சரிபார்ப்பதற்காகவே அமைந்தது என்பதும் இங்கு அறியத்தக்கது.

இக்கருத்து பெரிதும் வளர்ந்து நின்ற நிலையே ‘ஹாஷ்’ எனப்படும் கணக்கீடு. இன்று பெருவழக்காக உள்ளது ஷா-256. அமெரிக்கத் தர நிறுவனம் 2002ஆம் ஆண்டில் இதனைத் தரமுறைகளுள் ஒன்றாக வெளியிட்டது. கோப்பு ஒரு பக்கக் கடிதமாயினும் ஒரு பெரிய நூலகமாயினும், இக்கணக்கீட்டின் விடை 64 குறிகளே. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் அக்குறிகளில் வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினும் விடை அடியோடு வேறுபட்டுவிடும். எனவே மூலத்தளம் வெளியிட்ட 64 குறிகளும் உங்கள் கணிப்பொறி கண்ட 64 குறிகளும் ஒத்திருப்பின், உங்கள் பிரதி முழுமையானது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இதனைக் கணக்கிடத் தனிக் கருவி எதனையும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. விண்டோஸ் கணிப்பொறியில் ‘செர்ட்யூடில்’, லினக்ஸில் ‘ஷா256சம்’, மேக்கில் ‘ஷாசம்’ என்னும் கட்டளைகள் உடன் வருபவை. விடையின் முதல் நான்கு குறிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு அமையாதீர்கள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, இறுதிவரை ஒப்பிடுங்கள். பழைய நூல்களின் மின்படிகளை வழங்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில், ஒவ்வொரு நூலின் கோப்புப் பட்டியலிலும் எம்.டி.5, ஷா-1 ஆகிய எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. தேடிப் பார்த்தால் காணலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தற்செயலான பழுது வேறு. வேண்டுமென்றே செய்த வஞ்சகம் வேறு. எம்.டி.5 முறையில், வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எண் வருமாறு செய்ய இயலும் என்று 2004ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஷா-1 முறைக்கு அந்நிலை 2017ஆம் ஆண்டில் நேர்ந்தது. இணைப்பு அறுந்ததால் நேர்ந்த பழுதைக் காண அவை இன்றும் உதவும். வஞ்சகரைத் தடுக்க உதவா. மேலும், 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தினுள் புகுந்த சிலர், பதிவிறக்க இணைப்பைத் தீய கோப்புக்குத் திருப்பிவிட்டனர். தளத்தையே கைப்பற்றியவர் அங்குள்ள சரிபார்ப்பு எண்ணையும் மாற்ற வல்லவர் அல்லரோ? ஆதலின் மென்பொருளை இறக்குவோர், வெளியிட்டோரின் மின் கையொப்பத்தையும் சரிபார்த்தல் நன்று.

எண்கள் ஒவ்வாதபோது என் செய்வது? பழுதான கோப்பையும் அதன் தற்காலிகப் பகுதியையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து இறக்குவதே நேர்வழி. பழுதின்மேல் மீண்டும் தொடர்ந்தால் பழுது தீராது. 2001ஆம் ஆண்டில் தோன்றிய பிட்டொரென்ட் முறை இத்தொல்லையைக் குறைத்தது. அது கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு ஹாஷ் எண் வைத்திருப்பதால், கெட்ட துண்டை மட்டும் மீண்டும் பெற்றால் போதும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம் ஊரின் செயின்ட் லூயி வீதியில், 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளது. அங்கும், தூமா வீதியிலுள்ள பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியிலுமாகப் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒவ்வொரு சுவடியும் யாரோ ஒருவர் பார்த்து எழுதிய பிரதி. பார்த்து எழுதிய மூலம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பதிற்றுப்பத்தை எண்ணிப் பாருங்கள். பத்துப் பத்துகள் கொண்டது என்பதை அதன் பெயரே கூறுகிறது. முதற்பத்தும் பத்தாம்பத்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று நாம் அறிவோம், அறிந்தும் பயனில்லை. மீண்டும் கேட்டுப் பெற மூலம் எங்கும் இல்லை.

இணையத்தில் இன்று எளிதாகக் கிடைக்கும் ஒரு நூலின் மின்படியும், ஒரு நாள் அத்தளத்திலிருந்து மறையக்கூடும். அன்று உங்கள் வட்டில் இருக்கும் பிரதியே மற்றவர்க்கு மூலமாகலாம். ஒப்பிட்டுப் பார்த்தல் மூலம் நிலைத்திருக்கும் காலத்தில் மட்டுமே இயலும். ஆதலின் கோப்பை இறக்கிய அன்றே அளவைப் பாருங்கள். ஹாஷ் எண்ணை ஒப்பிடுங்கள். அவ்வெண்ணைக் கோப்பின் அருகிலேயே எழுதி வையுங்கள். பின்னால் அப்பிரதியைப் பெறுகிறவர், தமக்கு வந்தது முழுமையா என்பதை உங்கள் குறிப்பைக் கொண்டே அறிந்துகொள்வார்.