ரிச்சர்ட் கிராயிசெக்: விம்பிள்டன், 1996

செக்கோஸ்லோவாகியாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1971ஆம் ஆண்டு ராட்டர்டாம் நகரில் பிறந்த டென்னிஸ் வீரர் கிராயிசெக், நெடிய தேகத்தின் உச்சியிலிருந்து இடியென இறங்கும் சர்வீஸையே பிரதான ஆயுதமாகக் கொண்டு, முந்தைய மூன்றாண்டுகளும் விம்பிள்டனில் தோல்வியே காணாதிருந்த பீட் சாம்ப்ராஸை, மழை குறுக்கிட்டு மறுநாளும் நீண்ட 1996ஆம் ஆண்டுக் காலிறுதியில், 7-5, 7-6, 6-4 என்று ஒரு செட்டும் இழக்காமல் வீழ்த்தினார். இறுதியாட்டத்தில் மாலிவாய் வாஷிங்டனை 6-3, 6-4, 6-3 என வென்றதைவிட, இந்தக் காலிறுதி விஜயமே அவரது கீர்த்திக்கு மெய்யான அஸ்திவாரம் எனலாம். 1993 முதல் 2000 வரை எட்டாண்டுகளில் அவ்வரங்கில் சாம்ப்ராஸைத் தோற்கடித்தவர் வேறெவருமிலர். முழங்கால், முழங்கை உபாதைகளால் பன்முறை தடைப்பட்டு 2003இல் ஓய்வு பெற்ற கிராயிசெக், மறு ஆண்டே ராட்டர்டாம் போட்டியின் இயக்குநரானார். நகரச் சிறார்களுக்கு விளையாட்டு மைதானங்கள் அமைத்துத் தரும் அறநிறுவனம் ஒன்றையும் ஸ்தாபித்தார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற டச்சு ஆடவர் இன்றளவும் இவர் ஒருவரே.