சோழமண்டலக் கலைஞர்கள் கிராமம்

சோழமண்டலக் கலைஞர்கள் கிராமம் என்பது ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றாகக் குடியிருந்து கலைப்பணி செய்யும் குடியிருப்பு. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில், சுமார் 10 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் (1911–1977) தலைமையில் தொடங்கப்பட்டது. சோழமண்டலக் கடற்கரையில் இது இருக்கிறது.

தோற்றம்

பணிக்கர் அப்போது சென்னை அரசுக் கலை, கைத்தொழில் பள்ளியின் முதல்வர். (இன்று அது எழும்பூரிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி.) அங்கே படித்த மாணவர்களுக்குத் திறமை இருந்தது, ஆனால் அக்காலத்தில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. படிப்பு முடிந்ததும் பலர் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போனார்கள், தூரிகை ஓய்ந்துவிடும். கலையைக் கைவிடாமல் பிழைப்பது எப்படி என்ற கேள்விக்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடையே இக்கிராமம்.

கைத்தொழில் தந்த சோறு

கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பத்திக் துணி, உலோகப் பொருள், தோல் பொருள் முதலியவற்றைச் செய்து விற்றனர். பத்திக் என்பது, துணியின்மேல் உருக்கிய மெழுகால் உருவங்களை வரைந்து சாயத்தில் தோய்க்கும் முறை. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் உருவம் தெளியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் விழும். அதுவே பத்திக்கின் அழகு.

இந்த விற்பனைப் பணத்தில்தான் நிலம் வாங்கப்பட்டது. கைவினைக்கு ஒரு பகுதி நேரம், சொந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் மீதி நேரம் என வாழ்க்கை அமைந்தது. கைவினையே சோறு போட்டதால், விற்பனைக்காகத் தம் ஓவியத்தை மாற்றிக்கொள்ளும் கட்டாயம் கலைஞர்களுக்கு இல்லை.

கலையும் கலைஞர்களும்

ஜெ. சுல்தான் அலி, பி. வி. ஜானகிராம், எம். சேனாதிபதி, எஸ். ஜி. வாசுதேவ், வி. விஸ்வநாதன், எஸ். நந்தகோபால் ஆகியோர் இக்கிராமத்தோடு தொடர்புடையவர்கள். ஐரோப்பிய நவீன பாணியை அப்படியே பின்பற்றாமல், கோடு, எழுத்து, யந்திரம், நாட்டார் உருவம் ஆகியவற்றிலிருந்து புதிய கலைமொழியைத் தேடிய ‘சென்னை இயக்க’த்துக்கு இது முக்கிய இடமாயிற்று. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் எழுத்தும் சாதகக் கட்டமும் ஓவியமாகின்றன. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டிச் சிற்பமாக்கினார். கைவினைப் பயிற்சி சிற்பத்துக்கும் கைகொடுத்ததை இதில் காணலாம்.

பிற உறைவிடங்களுடன் ஒப்பீடு

இன்று பல நாடுகளில் கலைஞர் உறைவிடத் திட்டங்கள் உள்ளன. அவற்றில் ஒரு நிறுவனம் கலைஞரை அழைத்து, பணிக்கூடமும் உதவித்தொகையும் தந்து, குறிப்பிட்ட காலம் தங்கவைக்கும். காலம் முடிந்தால் அவர் புறப்பட வேண்டும். சோழமண்டலத்தில் கலைஞர்களே நிலத்துக்கு உரியவர்கள். அங்கேயே வீடு கட்டி, குடும்பத்துடன் வாழ்ந்தார்கள். வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கவும் இடம் உண்டு.

இன்றைய நிலை

2009-இல் இங்கு சென்னை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. காட்சிக்கூடங்கள், திறந்தவெளி அரங்கு, சிற்பப் பூங்கா ஆகியவற்றைப் பார்வையாளர்கள் காணலாம். தொடக்கக் காலக் கலைஞர்கள் பலர் மறைந்துவிட்டனர். சிலர் வேறு ஊர்களுக்குச் சென்றனர். கலைஞரின் பிள்ளைகள் எல்லோரும் கலைஞர்கள் ஆவதில்லை. ஆகவே வீடுகள் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, புதிய இளங்கலைஞர்களுக்கு இங்கே எப்படி இடம் கிடைக்கும் என்பது கிராமத்தின் முன் நிற்கும் கேள்வி.