துப்பாக்கிக்குச் சேத எண் வகுத்தல்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தின் வேடம் பூண, நடுவர் ஒருவர் கதையை நடத்தும் விளையாட்டை நம் மாணவருட் சிலர் அறிவர். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடியாகும். இதில் பாத்திரந்தோறும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. ஆயுதம் பட்டால், பகடை காட்டும் எண் அப்புள்ளிகளினின்று கழியும். புள்ளி தீர்ந்தால் பாத்திரம் வீழும். முதல் நூலில் எவ்வாயுதத்திற்கும் ஆறுமுகப் பகடை ஒன்றே விதிக்கப்பட்டது. 1975-இல் வந்த துணைநூலே ஆயுதத்திற்கேற்ப எண்களை வேறுபடுத்திற்று. வாளுக்கும் தடிக்கும் இவ்வாறு எண் வகுக்கலாம். துப்பாக்கிக்கு வகுப்பது எங்ஙனம்? இதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வினா பழமையானதே. பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரியாகிய ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் போர்ப்பயிற்சி விளையாட்டொன்றின் விதிகளை வெளியிட்டார். தளபதி சார்ன்ஹார்ஸ்ட் 1813-இல் வெளியிட்ட சுடுகலச் சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, தூரம் மிகுந்தோறும் சேதம் குறையுமாறு அட்டவணை அமைத்து, அதனைப் பகடையோடு இணைத்தார் அவர். எத்தனை குண்டு இலக்கிற் பட்டது என்பதே அவர் கணக்கு.

பட்ட குண்டின் வலிமையை அளக்கும் வழியை அதற்கு முன்னரே கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். கனத்த மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மீது சுட்டு, அது எவ்வளவு அசைந்தது என்பதைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்த முறையை, 1742-இல் அவர் நூலாக வெளியிட்டார். இவ்வறிஞர் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் நாடு போந்து, 1751 ஜூலையில் கடலூர்ப் புனித தாவீது கோட்டையில் உயிர் நீத்தார் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேகமும் எடையும் தெரியின், இயக்க ஆற்றல் தெரியும்: வேகத்தின் வர்க்கத்தை எடையாற் பெருக்கிப் பாதியாக்குக. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 8 கிராம். வேகம் வினாடிக்கு 360 மீட்டர். ஆற்றல் சுமார் 520 ஜூல். நம் காவற்படையினர் நெடுங்காலம் தாங்கிய .303 லீ-என்பீல்டு ரைபிளின் குண்டு 11.3 கிராம், வேகம் 744 மீட்டர், ஆற்றல் சுமார் 3,100 ஜூல். அஃதாவது, ஆறு மடங்கு.

ஆயின், கைத்துப்பாக்கிக்கு இரண்டு பகடை எனில், ரைபிளுக்குப் பன்னிரண்டா? அன்று. பன்னிரண்டு புள்ளியுடைய பாத்திரம் அதனால் ஒருதலையாக மடியும். பகடை உருட்டுதலே வீணாகும். உண்மையிலும், உடலை ஊடுருவி அப்பாற் செல்லும் குண்டு தன் ஆற்றலிற் பெரும்பகுதியை உடன்கொண்டே போகின்றது. ஆதலின், ஆற்றலின் வர்க்கமூலத்தை அளவாகக் கொள்வது தக்கது. அப்போது ஆறு மடங்கு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். ரைபிளுக்கு ஐந்து பகடை போதும். இது இயற்கை விதியன்று. விளையாட்டிற்கு இசைந்த ஓர் ஏற்பாடு.

எனினும், ஈண்டு ஒரு குறை உளது. இரண்டு பகடையிற் பன்னிரண்டு விழுவது முப்பத்தாறில் ஒரு முறையே. கைத்துப்பாக்கியை எதிரே நீட்டினும், ‘ஒரு குண்டு என்னை வீழ்த்தாது’ என்று ஆடுவோன் எள்ளி நகைப்பான். மெய்யாக ஒரு சிறு குண்டே நெஞ்சிற் பட்டால் உயிரைக் குடிக்கும். தசையை உரசினால் ஆறிப்போகும்.

குன்றத்தூருக்குத் தென்மேற்கே ஒரகடத்தில், மோட்டார் வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் வழங்கும் நட்சத்திர மதிப்பீட்டில், முன்புற மோதலுக்குரிய வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர் என ஒன்றாகவே வைக்கப்படுகின்றது. உள்ளிருக்கும் பொம்மையின் தலைக்கும் மார்புக்கும் நேர்ந்தது யாது என்பதைப் பொறுத்தே மதிப்பெண் வேறுபடும். சேத எண் வகுப்போன் கற்கவேண்டிய பாடம் இதுவே: அடிப்பதன் வலிமையை மட்டுமன்றி, அடிபடும் உடலையும் நோக்குதல் வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பகடையில் ஆறு விழுந்தால், அதனை மீண்டும் உருட்டிக் கூட்டுக. மறுபடியும் ஆறு விழின், மறுபடியும் உருட்டுக. இவ்விதியால், கைத்துப்பாக்கி பன்னிரண்டு புள்ளியைத் தீர்க்கும் வாய்ப்பு முப்பத்தாறில் ஒன்றினின்று ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலாக உயரும். பெரும்பாலும் சிறு காயம். சிற்சில வேளை மரணம். ஆயுதம் மாறவில்லை, அதன்பால் அச்சம் மாத்திரம் திரும்பிற்று.

அவ்வச்சம் விளையாட்டிற்கு இன்றியமையாதது. துப்பாக்கி சிறு துன்பமே தரும் என்று வகுக்கும் எண், ஆடுவோரைச் சண்டைக்கு விரையச் செய்யும். ஐயப்பாட்டை உள்ளடக்கிய எண்ணோ, சுடுமுன் பேசிப் பார்க்கவும், ஒதுங்கவும், உயிரின் அருமையை எண்ணவும் செய்யும். பகடை மேசைமேல் உருள்வதே. எனினும், எதனை அஞ்சவேண்டும் என்பதை அது கற்பிக்கின்றது. ஆதலின், எண் வகுப்போர் கணிதத்தோடு பொறுப்பும் உடையராதல் வேண்டும்.