கல்லுக்கு ஒரு எலுமிச்சம்பழ டெஸ்ட்!

சமையல் மேடையை மாற்றப்போகிறீர்களா? கல் கடைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தோடு போங்க சார்! சாம்பிள் துண்டில் நாலு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு செத்திருந்தால் நம்ம ரசத்துக்கு அது தாங்காது.

மார்பிள், கடப்பா இரண்டும் இதில் ஃபெயில். சுண்ணாம்பு வம்சம்! கிரானைட்டுக்குப் புளியும் சூடும் ஜுஜுபி. வெளிர் நிறத்தில் மட்டும் மஞ்சள் கறை ஏறும்.

குவார்ட்ஸ்? கறை எளிதில் ஒட்டாது. ஆனால் கல்தூளை ரெசினில் இறுக்கிய பலகை. கொதிக்கிற வாணலியை நேராக வைத்தால் தழும்பு விழலாம். அறுக்கும்போது கிளம்பும் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறதென்று 2024 ஜூலையில் ஆஸ்திரேலியா தடையே போட்டுவிட்டது.

என் ஓட்டு கறுப்பு கிரானைட்டுக்கு. அதிலும் தூசி உண்டு. தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் தாளிக்க, இன்னொருத்தர் ஆயுசுக்கும் இருமணுமா?