வீட்டுக் கணினியின் தீயரணும் சட்டம் தரும் காப்பும்

இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கணினியும் தன்னிடம் இயங்கும் சேவைகளுக்கென எண்ணிட்ட வாயில்களைக் கொண்டிருக்கிறது. போர்ட் எனப்படும் இந்த வாயில்களில் எதை யாருக்குத் திறக்கலாம், எது எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்பதை விதிகளின்படி தீர்மானிக்கும் மென்பொருளே ஃபயர்வால் எனப்படும் தீயரண். விண்டோஸ் கணினி வாங்குவோர் இதற்கென்று தனியே பணம் செலவிட வேண்டியதில்லை. 2004 ஆகஸ்டில் வெளிவந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 தொடங்கி, அது கணினியோடு சேர்ந்தே, இயங்கும் நிலையிலேயே வருகிறது. ஆயினும் பிரிண்டர் வேலை செய்யவில்லை, கணக்கு மென்பொருள் இரண்டாவது கணினியில் திறக்கவில்லை என்றதும் பழுதுபார்க்க வந்தவர் முதலில் கைவைப்பது தீயரணில்தான். சோதனைக்காக அணைக்கப்பட்ட அது, பிரிண்டர் இயங்கத் தொடங்கிய பிறகும் பல இடங்களில் அணைந்தபடியே கிடக்கிறது. எந்தத் தீயரணை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் தீயரண் விழித்திருக்கிறதா என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

கணினியைக் காக்காமல் விடுவதன் விலையை ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரம் நேரடியாகக் கண்டிருக்கிறது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற தீநிரல், கணினியில் உள்ள கோப்புகளை மறையாக்கம் செய்து பூட்டிவிட்டு, திறந்துகொடுக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது; மூன்று நாள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும் என்றும் மிரட்டியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கிய அந்த அலை, அடுத்த நாளே ஆந்திரக் காவல் துறையின் 18 அலகுகளில் இருந்த கணினிகளை எட்டியதாகச் செய்திகள் வெளியாயின. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகியவை பாதிப்புக்குள்ளான மாவட்டங்கள். அப்போது சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகப் பணிக்கான சில கணினிகளும் அதே மாதத்தில் இத்தீநிரலுக்கு இரையாயின.

வான்னாக்ரை பரவிய விதம் இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. மின்னஞ்சல் இணைப்பை யாரேனும் திறக்கட்டும் என்று அது காத்திருக்கவில்லை. கோப்புகளையும் பிரிண்டரையும் கணினிகளுக்கிடையே பகிர்வதற்கு விண்டோஸ் பயன்படுத்தும் 445ஆம் எண் போர்ட்டை ஒவ்வொரு முகவரியிலும் தட்டிப் பார்த்து, திறந்திருந்த இடத்தில், மனிதர் எவருடைய உதவியுமின்றி உள்ளே நுழைந்தது. அதற்கு இடம்கொடுத்த விண்டோஸின் குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளும், தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்புகளும்தான் சிக்கின. மேலும், ஓர் அலுவலக வலையமைப்புக்குள் ஒரு கணினி பாதிக்கப்பட்டுவிட்டால், வெளிவாயிலில் நிற்கும் தீயரண் அதன்பின் பயனற்றது. திருத்தம் நிறுவப்படாத பக்கத்து மேசைக் கணினியைக் காப்பது அந்தக் கணினியிலேயே இயங்கும் தீயரண் மட்டுமே. ரூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று கணினியின் தீயரணை அணைப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதே நிலை இன்று மீண்டும் உருவாகியிருக்கிறது என்பதும் கவலைக்குரியது.

தேர்வைப் பொறுத்தவரை, சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு விண்டோஸின் சொந்தத் தீயரணே போதுமானது. ஆப்பிள் மேக் கணினியிலும் உபுண்டு லினக்ஸிலும் தீயரண் உண்டெனினும் அது வழக்கமாக அணைந்த நிலையில் இருப்பதால், உரிமையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் முதலிய நிறுவனங்கள் வைரஸ் தடுப்போடு சேர்த்து விற்கும் தொகுப்புகளில் தனித் தீயரண் இருக்கிறது. வெளியே செல்லும் இணைப்புகளையும் நிரல்வாரியாகக் கண்காணிக்க விரும்புவோருக்கு இத்தகைய தொகுப்புகள் உதவும். ஆனால் அவ்வாறு ஒன்றை நிறுவும்போது விண்டோஸின் தீயரண் பொதுவாகப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து ஒதுங்கிவிடுகிறது. ஓராண்டு உரிமம் தீர்ந்து புதுப்பிக்கப்படாமல் போனால் கணினியைக் காப்பது எது என்பது உரிமையாளருக்கே தெரியாத நிலை உண்டாகலாம். உரிமம் முடியும் நாளில் ஒன்று புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் அத்தொகுப்பை முற்றாக நீக்கி விண்டோஸின் தீயரண் இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும். இரண்டு தீயரண்களை ஒருசேர இயக்குவது காப்பை இரட்டிப்பாக்காது. ஒன்றோடொன்று முரண்பட்டு இணைப்பைக் குலைப்பதற்கே அது வழிசெய்யும். தீயரணை அணைத்துவிட்டு நிறுவுக என்று அறிவுறுத்தும் கள்ள மென்பொருளை எக்காரணம் கொண்டும் நிறுவலாகாது.

அமைக்கும் முறையில் நடுநாயகமாக இருப்பது வலையமைப்பின் வகைப்பாடு. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற செயலியில் ஃபயர்வால் பகுதியைத் திறந்தால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று பிரிவுகள் தென்படும். முதலாவது பெரிய அலுவலகங்களுக்குரியது, இரண்டாவது வீடு போன்ற நம்பகமான இடத்துக்கு, மூன்றாவது விடுதி, பேருந்து நிலையம் போன்ற பொது இடத்துக்கு. யாத்திரிகர் நிறைந்த திருப்பதி விடுதிகளின் வைஃபையில் இணையும் மடிக்கணினி பப்ளிக் பிரிவிலேயே இருக்க வேண்டும். உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் தடுக்கும் கட்டத்தையும் அங்கே குறியிட்டுக்கொள்வது நலம். இவ்வட்டாரத்தைச் சேர்ந்த நகரியில் விசைத்தறி நடத்தும் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் இரண்டு கணினிகளை வைத்து ஒன்றில் கணக்கும் மற்றொன்றில் பில்லும் போடுவதாகக் கொண்டால், இரண்டுக்கும் இடையே கோப்புப் பகிர்வு தேவைப்படும். அதற்காகத் தீயரணை அணைக்க வேண்டியதில்லை. அனுமதிப் பட்டியலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற வரியில் பிரைவேட் கட்டத்தை மட்டும் குறியிட்டு, பப்ளிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் வேலையும் நடக்கும், காப்பும் நிலைக்கும். புதிய நிரல் ஒன்று அனுமதி கேட்டுச் சிறு பெட்டியைத் திரையில் காட்டும்போது, அந்த நிரலைத் தாமே சற்றுமுன் திறந்தோமா என்று எண்ணிப் பார்க்காமல் அனுமதிப்பது, பட்டியலை நாளடைவில் பொருளற்றதாக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்த்து, பயன்படாதவற்றை நீக்கிவிட வேண்டும். குழம்பிப்போயிருந்தால் அனைத்தையும் இயல்புநிலைக்கு மீட்கும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு.

ரூட்டரிலும் ஒரு தீயரண் உள்ளது. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் உட்பட எந்தச் சேவையானாலும், வீட்டில் பொருத்தப்படும் கருவியின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். வெளியிலிருந்து கருவியை நிர்வகிக்கும் வசதியை நிறுத்த வேண்டும். சிசிடிவி கேமராவுக்காகத் திறக்கப்பட்ட போர்ட்கள் இருந்தால் அவை இன்னும் தேவையா என ஆராய வேண்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது, தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாமல் கிடந்ததால்தான். பழைய ஐபிவி4 முறையில் வீட்டுக் கணினிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்தன. இந்தியாவில் வேகமாகப் பரவிவிட்ட ஐபிவி6 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் இணையத்தில் தனி முகவரி கிடைப்பதால், அந்தத் தற்செயலான மறைப்பும் இல்லாமல் போகிறது.

தீயரணால் தடுக்க முடியாத ஆபத்துகளும் உள்ளன. இவற்றையே இவ்வட்டார மக்கள் அதிகம் எதிர்கொள்கின்றனர். தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய 41ஆவது போலி இணையதளம் 2023 ஏப்ரலில் கண்டறியப்பட்டு வழக்குப் பதிவானது. உண்மை முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் சிறு கோடிட்டு, இறுதியில் இன் என்பதை ஆர்க் என்று மாற்றியிருந்ததே அதன் தந்திரம். பக்தர் தாமே அத்தளத்தைத் திறந்து பணம் செலுத்தும்போது, வெளிச்செல்லும் இணைப்பாகிய அதைத் தீயரண் இயல்பாகவே அனுமதிக்கும். வங்கி அலுவலர் என்று பேசி எனிடெஸ்க் போன்ற தொலை இயக்கச் செயலியை நிறுவச் சொல்லும் மோசடியும் இவ்வகையே. இதுகுறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைப்பதும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவதும் முதற்கடமை. பணம் கைமாறிக் கைமாறி வெளியேறுவதற்குள் வங்கிகள் அதை முடக்குவதற்கு சில மணி நேரமே அவகாசம். நகரியில் வசித்து, திருத்தணியில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரை எங்கள் எல்லையில் வராது என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கு நிகழ்ந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்த விதியின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இன்றி வேறெங்கோ நேர்ந்த மீறலால் பணம் போயிருந்து, வங்கி அறிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளர் முறையிட்ட பத்து வேலை நாட்களுக்குள் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியையே சேரும். கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது என்பதால், அந்நிலையிலும் விரைந்து தெரிவிப்பதே பயன் தரும்.

கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது, தரவை அழிப்பது, தீநிரலைப் புகுத்துவது ஆகியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு இழப்பீட்டுக்கும், 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் வழிசெய்கின்றன. அதிகம் அறியப்படாத வழி 46ஆம் பிரிவில் உள்ளது: ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை, நீதிமன்றம் செல்லாமல், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். விண்டோஸ் தீயரண் தான் தடுத்த இணைப்புகளைப் பதிவேட்டில் குறித்துவைக்க வல்லது, ஆனால் அவ்வசதி வழக்கமாக அணைந்திருக்கிறது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பகுதியில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே அதை இயக்க வேண்டும். தாக்குதல் நேர்ந்தபின் கணினியை உடனே ஃபார்மேட் செய்வோர் இந்தப் பதிவேட்டையும் சேர்த்தே அழித்துவிடுகின்றனர். வலையமைப்பிலிருந்து கணினியைத் துண்டித்து, திரையில் தோன்றும் மிரட்டல் செய்தியைப் புகைப்படம் எடுத்து, பதிவேட்டை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்து, புகாரோடு ஒப்படைக்க வேண்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழை, கோப்பின் மின்னணுக் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்போடு இணைத்தால்தான் அந்த நகல் விசாரணையில் சாட்சியமாக ஏற்கப்படும்.